விடுதியம்மாவின் மகள் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் அப்பா ஊழியக்காரர். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் பெற்றோரில்லாத பிள்ளைகளுக்கு விடுதி நடத்தினார். 60 பிள்ளைகளும் என் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை மட்டும் மடியில் வைத்தால் மற்றதுகள் ஏங்கிப்போகும் என்று என்னையும் தட்டோடு வரிசையில் நிறுத்துவார். விடுதியை மூடி வெகுகாலம் ஆகிறது. இப்போது பழைய பிள்ளைகள் சேர்ந்து அம்மாவின் 75ஆவது பிறந்தநாளுக்கு விழா எடுக்கிறார்கள். எனக்குப் போக மனமில்லை. உண்மையில் அந்த வீட்டில் அநாதை நான்தான் சார். போகட்டுமா, வேண்டாமா? வெளிநாட்டுப் பணம், மதமாற்றம் பற்றியெல்லாம் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாகவே கொல்லிமலையில் ஊழியம் செய்த பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரிக் குடும்பம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. பணம், மதமாற்றம் பற்றி எந்த டீக்கடையிலும் மூன்று கருத்து கிடைக்கும். நான்காவது என்னிடமிருந்து வேண்டாம்.

ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி ஈவ்லினும் கொல்லிமலை வாழவந்திக்குப் போய்க் குடியிருந்த காலத்தில் மேலே போக ரோடு கிடையாது. நடை, இல்லாவிட்டால் டோலி. போதாததற்கு மலைக்காய்ச்சல். மூத்தவன் பால் 1914இல் பிறந்தான், அப்புறம் தங்கை கோனி. இருவரும் வளர்ந்தது அங்கேதான். முதல் உலகப்போர் முடியும் சமயம் இன்ஃபுளுயன்சா மலையேறியது. நோயாளி இருக்கும் வீட்டுப் பக்கம் சொந்தக்காரனே எட்டிப்பார்க்காத நாட்களில் பிராண்ட் கஞ்சி காய்ச்சி வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரை வேரூன்றவிடாமல் எதிர்த்துவந்த பூசாரியும் படுத்தார். சாகும் தறுவாயில் அந்த மனுஷன் தன் கைக்குழந்தையைக் கொடுத்தது இதே பிராண்டிடம். அந்தப் பெண்குழந்தை பிராண்ட் வீட்டிலேயே வளர்ந்தது. பின்னால் இன்னும் பல பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

1923இல் பாலையும் கோனியையும் படிப்புக்காக லண்டனில் அம்மாவின் சகோதரிகள் வீட்டில் விட்டார்கள். பாலுக்கு ஒன்பது வயது. அப்பாவை அவன் திரும்பப் பார்க்கவில்லை. 1929இல் ஜெஸ்ஸி, மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். லண்டனுக்குத் தந்தி முதலில் போய்விட்டது. அதற்கு முன்பே கப்பலேறியிருந்த அப்பாவின் கடிதங்கள் அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பதினைந்து வயதை நெருங்கிய பையன் அதைப் பிரித்து வாசிக்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு மனக்குறை இருக்கக்கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். நன்றாக இருக்கட்டும். ஆனால் "அநாதை நான்தான்" என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள உங்களுக்கு ஒரு அம்மா இருந்தார், இன்னும் இருக்கிறார். பக்கத்துத் தட்டோடு நின்றவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியாது. படித்தவர் பேசுகிற பேச்சா இது?

நான் ஏழாவது படித்தபோது எங்கள் வகுப்பில் பாதிப்பேர் போர்டிங் பையன்கள். போர்டிங்கைப் பார்த்துக்கொண்ட பாதிரியார் மனைவியை ஐயரம்மா என்போம். அவர் மகனும் எங்களோடுதான் படித்தான். ஒரே தானில் வெட்டிய காக்கி டவுசர், ஒரே கோடுபோட்ட சட்டை. விளக்கெண்ணெய் தடவிப் படிய வாரிய தலையில்கூட வித்தியாசம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை முட்டை உண்டு. ஐயரம்மா கடைசியில்தான் மகனுக்கு வைப்பார், அதுவும் அவன் முகத்தைப் பார்க்காமல். ஒருநாள் முட்டை குறைந்துவிட்டது. கடைசியில் நின்றவனுக்கு வெறும் குழம்பு. வீட்டில் போய் அழுதிருப்பான் என்று நான் நினைத்தேன். போர்டிங் பையன் ஒருவன்தான் சொன்னான்: "அவனுக்கென்னலே, ராத்திரி அவங்கம்மா பக்கத்துல படுப்பான்லா." போர்டிங் பையன்களுக்கு ஹாலில் வரிசையாகப் பாய்.

பிராண்ட் கதையில் என்னை விடாமல் பிடித்திருப்பது பூசாரியின் மகள்தான். பெற்ற பிள்ளைகள் லண்டனில் கடிதத்துக்காகக் காத்திருந்த வருடங்களில் ஈவ்லினின் சமையலறைச் சத்தம், ஜெபம், காய்ச்சல், எரிச்சல் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். ஆனால் எழுதியது யார்? பால். பெரிய டாக்டராகி 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தியவர். அம்மா அப்பாவைப் பற்றி அவர் எழுதியதும் பேசியதும் இன்று நம் கையில் இருக்கிறது. அவர் நேர்மையாகத்தான் எழுதினார், குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் அதில் வருவது ஒன்பது வயதில் மலையிறங்கியவரின் அம்மா. மலையிலேயே இருந்தவளின் அம்மா எப்படி இருந்தார்? அடிப்பாரா? பாட்டுப் பாடுவாரா? தன் பிள்ளைகளை நினைத்து அழும்போது இவளைத் தூரப் போ என்பாரா, கிட்ட இழுத்துக்கொள்வாரா? எந்த விடுதியின் சரித்திரத்தை எடுத்தாலும் இதே கதைதான். நிறுவியவர் எழுதுவார், விட்டால் அவர் பிள்ளை எழுதும். சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நூற்றாண்டு மலரில் குரூப் போட்டோவாக வருவார்கள், கீழே பெயர்கூட இருக்காது. உங்கள் கடிதமும் அந்த வரிசையில்தான் சேர்கிறது. 60 பேர் என்று எழுதினீர்கள். ஒருத்தி பெயரைக்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

ஈவ்லின் எழுபதை நெருங்கியபோது மிஷன் ஓய்வு கொடுத்தது. அந்தம்மா ஊர் திரும்பாமல் சொந்தப் பொறுப்பில் மறுபடி மலையேறிவிட்டார். 1974இல் 95 வயதில் இறந்து, வாழவந்தியில் கணவர் பக்கத்தில் இருக்கிறார். அந்தப் பிடிவாதத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்படி ஒரு அம்மாவோடு குடும்பம் நடத்துவது லேசில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போங்கள். குடும்பத்தார் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்பார்கள், அதில் உட்கார வேண்டாம். பந்தியில் உங்களோடு தட்டேந்தி நின்ற யாராவது இருப்பார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மா உன்னை எதற்கெல்லாம் அடித்தார் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உங்கள் கதையை எடுக்காதீர்கள். கேட்டதை எனக்கு எழுதுங்கள், இந்த முறை பெயர்களோடு.