மூன்று கார்டு போதும், நான்காவது வேண்டாம்: கோத்தகிரி வாசகிக்கு ஒரு கணக்கு

கேள்வி: மேடம், நான் கோத்தகிரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 1-ம் தேதி வந்துவிடும். இரண்டு ஏக்கர் தேயிலையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். பசுந்தேயிலைப் பணம் பாக்டரியிலிருந்து 15-ம் தேதி வாக்கில் வரும். என்னிடம் பல வருடமாக ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, லிமிட் 50,000 ரூபாய், ஆண்டுக் கட்டணம் கிடையாது. கோவையில் இருக்கும் என் தம்பி ஐந்து கார்டு வைத்திருக்கிறான். பாயிண்ட்டிலேயே விமானத்தில் போய் வருகிறான். வங்கிகளிடமிருந்து எனக்கும் ஓயாமல் போன் வருகிறது. நானும் நான்கைந்து கார்டு வாங்கலாமா? சிபில் ஸ்கோர் கெட்டுப்போகுமா? கோவை ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கும் ஒன்று வாங்கித் தரலாமா? மாதச் செலவு: மளிகை, காய்கறி 10,000, மருந்து 2,000, ஆன்லைனில் 5,000, பெட்ரோல் 4,000, கரண்ட், போன், கேஸ் 3,000. காலேஜ் ஃபீஸ் ஆறு மாதத்துக்கு 60,000. பறிகூலி, உரம் எல்லாம் ரொக்கம்.

பதில்: செலவை இவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. எந்த கார்டு நல்ல கார்டு என்பதை உங்கள் செலவுப் பட்டியலும், பணம் கைக்கு வரும் தேதியும்தான் சொல்லும். தம்பியின் கார்டுகள் தம்பியின் வாழ்க்கைக்குப் பொருந்துபவை. அவர் அடிக்கடி விமானம் ஏறுகிறவர் என்றால் லவுஞ்சும் ஏர் மைல்ஸும் அவருக்குப் பணம். மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய் வருடத்துக்கு ஒருமுறை விமானம் பிடிப்பவருக்கு அதே கார்டு வெறும் ஆண்டுக் கட்டணம்.

உங்கள் ஊரில் எப்படிச் செலவு செய்கிறீர்கள் என்று பாருங்கள். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் காய்கறிக்காரரிடமும் கார்டு தேய்க்கும் மெஷினைவிட ஸ்கேன் அட்டைதான் அதிகம். அதனால் நீங்கள் வாங்க வேண்டிய முதல் புதுக் கார்டு ரூபே கிரெடிட் கார்டு. 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்துக்கொள்ள முடிகிறது. கடையில் வழக்கம்போல ஸ்கேன் செய்து, பணம் எதிலிருந்து போக வேண்டும் என்று கேட்கும் இடத்தில் வங்கிக் கணக்குக்குப் பதிலாகக் கார்டைத் தேர்ந்தெடுத்து பின் போட்டால் முடிந்தது. ஆனால் கடைக்கென்று வாங்கிய கியூஆராக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் கியூஆரை ஒட்டி வைத்திருந்தால் கார்டிலிருந்து பணம் போகாது. நீங்கள் மாதாமாதம் போகும் நான்கைந்து கடைகளில் கடைக்கென்று வாங்கிய கியூஆர்தானா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் ஆமாம் என்றால் மட்டும் இந்தக் கார்டு பற்றி யோசியுங்கள்.

சில கடைகளில் “கிரெடிட் கார்டு என்றால் 2 சதவீதம் கூடத் தாங்க” என்பார்கள். அங்கே கார்டை உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு ரூபாய் சம்பாதிக்க இரண்டு ரூபாய் கொடுப்பதற்குப் பெயர் ரிவார்டு இல்லை.

இரண்டாவதாக, ஆன்லைன் செலவுக்கு நேரடியாக 5 சதவீதம் கேஷ்பேக் தரும் வகை கார்டு ஒன்று. இதை உடனே வாங்காதீர்கள், ஆறு மாதம் போகட்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். கையில் இருக்கும் பழைய கார்டு பெட்ரோலுக்கும் கரண்ட் பில்லுக்கும். கட்டணம் இல்லாத பழைய கார்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடிவிடாதீர்கள். உங்கள் கடன் வரலாற்றின் வயது அதில்தான் இருக்கிறது.

இனி, இதனால் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். ஆன்லைன் 5,000-க்கு 5 சதவீதம் என்றால் மாதம் 250, வருடம் 3,000 ரூபாய். மளிகையும் மருந்தும் சேர்ந்து 12,000. யுபிஐ வழியாக 1 சதவீதம் கிடைத்தால் மாதம் 120, வருடம் 1,440. பெட்ரோலுக்குப் பெரும்பாலான கார்டுகள் பாயிண்ட் தருவதில்லை. கூடுதலாகப் பிடிக்கும் 1 சதவீத சர்சார்ஜைத்தான் தள்ளுபடி செய்கின்றன. அதுவும் குறிப்பிட்ட தொகைக்குள் போட்டால்தான், பல கார்டுகளில் 400 ரூபாய்க்கு மேல் என்று இருக்கும். ஸ்கூட்டிக்கு 200 ரூபாய்க்குப் போடுகிறவர் கார்டு கொடுப்பதில் அர்த்தமில்லை. கரண்ட், கேஸ் பில்லுக்கு இப்போது பல கார்டுகளில் ரிவார்டே கிடையாது, அல்லது பெயருக்குத்தான். ஆக மொத்தம் வருடத்துக்கு ஏறக்குறைய 4,400 ரூபாய். 499 ரூபாய் ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டு என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 589 போய்விடும். நான்காவது, ஐந்தாவது கார்டு வாங்கினாலும் உங்கள் செலவு அதே 24,000தான். புதிதாக எதுவும் வராது, கட்டணமும் கடைசித் தேதிகளும்தான் கூடும்.

நல்ல தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த 4,400 எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்பதையும் பாருங்கள். ஒரு மாதம் கையில் பணம் தட்டுப்பாடாகி, 24,000 ரூபாய் பில்லுக்கு மினிமம் தொகையான 1,200-ஐ மட்டும் கட்டுகிறீர்கள். மீதியை அடுத்த மாதம் கட்டிவிடுகிறீர்கள். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. முழுத் தொகையைக் கட்டாத மாதம் வட்டியில்லாக் காலம் ரத்தாகிவிடும், நீங்கள் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வாங்கியது சராசரியாக ஸ்டேட்மென்ட்டுக்கு 15 நாள் முன், கடைசித் தேதி ஸ்டேட்மென்ட்டிலிருந்து 20 நாள் என்று வைத்தால், அந்த 35 நாளுக்கு 967 ரூபாய். மீதி 22,800-க்கு அடுத்த 30 நாளுக்கு 787. ஜிஎஸ்டி 316. மொத்தம் 2,070 ரூபாய். இது போக, அந்த மாதம் புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். ஒரே ஒரு மாதச் சறுக்கலில் கிட்டத்தட்ட அரை வருட ரிவார்டு போய்விட்டது.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இந்த இடம்தான். சம்பளம் நிலையானது, தேயிலைப் பணம் அப்படி இல்லை. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசாவது வேண்டும் என்று நீலகிரி சிறு விவசாயிகள் 2023-ல் போராடியதை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து இலை கருகினால் பறிப்பும் குறையும், பணமும் குறையும். அதனால் கார்டு பில் முழுவதையும் தேயிலைப் பணத்தை நம்பி விடக்கூடாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஸ்டேட்மென்ட் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க ரிசர்வ் வங்கி விதிகளில் நமக்கு உரிமை உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. ரூபே கார்டின் ஸ்டேட்மென்ட் 15-ம் தேதி வாக்கில் வருமாறு கேளுங்கள். கடைசித் தேதி மறுமாதம் 5-ஐ ஒட்டி விழும், சம்பளம் வந்து நான்கு நாள் ஆகியிருக்கும். மளிகை, மருந்து என்ற கட்டாயச் செலவு 12,000 இப்படிச் சம்பளத்தோடு கட்டிப் போடப்படும். மற்ற இரண்டு கார்டுகளுக்கும் ஸ்டேட்மென்ட் 28 வாக்கில் வந்தால் கடைசித் தேதி 18-ஐ ஒட்டி வரும். அது தேயிலைப் பணத்துக்கு. இலை விலை சரிந்த மாதத்தில் ஆன்லைன் செலவைத்தானே முதலில் நிறுத்துவீர்கள்? அந்த பில்லும் தானாகவே சிறுத்துவிடும்.

அப்புறம் ஆட்டோ டெபிட். மூன்று கார்டுக்கும் வைத்துவிடுங்கள். வைக்கும்போது ‘டோட்டல் அமௌண்ட் ட்யூ’, ‘மினிமம் அமௌண்ட் ட்யூ’ என்று இரண்டு கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் டவர் இல்லாமல் ஓடிபி வராத மாலைகளை மலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடைசி நாள் ராத்திரி கட்டிக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள். ஒருவேளை தேதி தவறிவிட்டால் மூன்று நாளுக்குள் கட்டிவிடுங்கள். மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடவும், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்துக்குப் பாக்கி என்று தெரிவிக்கவும் முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

சிபில் பற்றிக் கேட்டீர்கள். கார்டு எண்ணிக்கையால் மட்டும் ஸ்கோர் குறையாது. மாதச் செலவு 24,000 முழுவதையும் இப்போதுள்ள 50,000 லிமிட் கார்டிலேயே போட்டால், லிமிட்டில் 48 சதவீதம். இது அதிகம். 30-க்குள் இருப்பது நல்லது. 80,000 லிமிட்டில் இன்னொரு கார்டு வந்தால் மொத்தம் 1.3 லட்சம், அதே 24,000 அதில் 18 சதவீதம்தான். செலவு கூடாமல் இருந்தால் இரண்டாவது கார்டு ஸ்கோருக்கு உதவவே செய்யும். கெடுப்பது, ஒரே மாதத்தில் நாலு இடத்தில் விண்ணப்பிப்பது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும், அது பதிவாகும். அதற்காகத்தான் ஆறு மாத இடைவெளி சொன்னேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஒன்றை எடுத்து, உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

காலேஜ் ஃபீஸ் 60,000-ஐக் கார்டில் கட்ட ஆசை வரும். கல்லூரி தளத்தில் கட்டண வரியைப் பாருங்கள். 1.2 சதவீதம் கூடுதல் கட்டணம் என்றால் 720, ஜிஎஸ்டி சேர்த்து 850 ரூபாய். கல்விக் கட்டணத்துக்கு ரிவார்டு தராத கார்டுகளும் உண்டு. நெட் பேங்கிங்கிலோ கணக்கிலிருந்து யுபிஐயிலோ கட்டிவிடுங்கள். பறிகூலிக்காகக் கார்டில் ஏடிஎம் பணம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

மகளுக்குத் தனிக் கார்டு தேவையில்லை. வருமானம் இல்லாத மாணவிக்கு, 18 வயது முடிந்திருந்தால், உங்கள் கார்டோடு ஒரு ஆட்-ஆன் கார்டு வாங்கி மாதம் 3,000 ரூபாய் என்று உள் வரம்பு வைக்கலாம். அவள் செலவழிப்பது உங்கள் பில்லில் வரும், உங்கள் ஸ்கோரில் தெரியும். அதை அவளிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாங்குங்கள்.

போனில் கார்டு விற்பவர் “பத்து மடங்கு பாயிண்ட்” என்று சொன்னால் ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை பைசா என்று கேளுங்கள். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட் 20 பைசா என்றால் பத்து மடங்கும் நூற்றுக்கு இரண்டு ரூபாய்தான். பாயிண்ட் எப்போது காலாவதியாகும், மாற்றுவதற்குக் கட்டணம் உண்டா, மாதத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். கேட்லாக்கில் குக்கரும் பையும் வாங்குவதைவிட, பில்லில் கழித்துக்கொள்ளும் கார்டே மேல். லிமிட் உயர்த்தித் தருகிறோம் என்று ஓடிபி கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் சொல்லுங்கள்.

கேட்காமலே ஒரு கார்டு வீட்டுக்கு வந்தால் ஆக்டிவேட் செய்யாதீர்கள். நம் சம்மதம் இல்லாமல் கார்டு தரக்கூடாது. தந்து கட்டணமும் போட்டால், அதைத் திருப்பிக் கொடுத்து அதன் இரு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும். வாங்கிய கார்டில் ஒன்று ஒரு வருடம் பார்த்தும் கட்டணத்துக்கு ஈடாகவில்லை என்றால், அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் முன் பாயிண்ட்டை மாற்றிக்கொண்டு, பாக்கியைக் கட்டி, மூடச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. போனில் மட்டும் சொன்னால் தேதிக்குச் சான்று இருக்காது, மின்னஞ்சலே அனுப்புங்கள்.