சிஸ்டம் டவுன் மூண்டையும் சைட்ல போடலாமா? (வாசகர் கடிதம்)

அண்ணே வணக்கம், நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். நாங்க எட்டுப் பேர் சனி ஞாயிறில சேந்து யூகியோ கார்ட் கேம் விளையாடுற. அதில என்ட மச்சான் சைபர் ட்ராகன் டெக் (கார்ட் கட்டு), இன்னொருத்தன் ட்ரைட்ரோன், எப்பவும் முதல் ரெண்டு எடமும் அவனுகளுக்குத்தான். ரெண்டும் மெஷின் வகை மொன்ஸ்டர் உள்ள டெக் எண்டபடியா அதுக்கு எதிரா கொழும்பில ஒருத்தரிட்ட சொல்லி சிஸ்டம் டவுன் கார்ட் மூண்டு எடுத்து வச்சிரிக்கன். மூண்டையும் சைட்ல போட்டா வெல்லலாம்தானே? மத்தப் பெடியனுகள் அது குப்பைக் கார்ட் எண்டு சிரிக்கிறானுகள். யூகியோட டிஜிட்டல் கேம் மாஸ்டர் டூவல்லயும் அதைச் செய்து வைக்கவா?

தம்பி,

குப்பை எண்டு சிரிக்கிறவனுகளும் சரியில்ல, மூண்டு போட்டா வெற்றி எண்டு நீங்க நினைக்கிறதும் சரியில்ல. கார்டை மட்டும் பாக்கிறீங்க, அது ஆர்ட எடத்தைப் புடிச்சிட்டு இரிக்கு எண்டு ஒருத்தரும் பாக்கல்ல. சைட் டெக் எண்டது ஒரு கேம் முடிஞ்சு அடுத்த கேமுக்கு மாத்திப் போட வெளியில வச்சிரிக்கிற கட்டு, அது 15 கார்ட்தான், அதில மூண்டெண்டா அஞ்சில ஒரு பங்கு. உங்களுக்கு எதிரா இருக்கிற ஏழு பேரில ரெண்டு பேருக்கு மட்டும் அதைக் குடுக்கிறீங்க, மத்த அஞ்சு பேரோட விளையாடக்குள்ள அது அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு மட்டும் செல்லுற சீசன் டிக்கெட் மாதிரி சும்மா பொக்கெட்ல கிடக்கும்.

கார்டைத் தெரியாத ஆக்களுக்காகச் சொல்றன், 1000 லைஃப் பொயின்ட் குடுத்தா எதிராளிட களத்திலயும் கிரேவ்யார்ட்லயும் (உடைஞ்ச, பாவிச்ச கார்ட் போற குவியல்) கிடக்கிற மெஷின் மொன்ஸ்டர் எல்லாத்தையும் பேனிஷ் பண்ணும், அதாவது ஆட்டத்துக்கு வெளிய தள்ளும். தொடக்கத்தில இருக்கிற 8000ல 1000 பெரிய விலையே இல்ல. ஆனா களத்தைக் கூட்டித் துடைக்கிறதுக்கு ரெய்கெகி எண்ட ஸ்பெல் கார்டும் இரிக்கு, அது எந்த டெக்குக்கும் ஓடும், லைஃப் பொயின்டும் கேக்காது. அப்ப சிஸ்டம் டவுன் ரெய்கெகியை விடக் கூடச் செய்யிற வேலை எவ்வளவு எண்டதுதான் கணக்கு. கூடச் செய்யிறது ரெண்டு, ஒண்டு உடைக்காம பேனிஷ் பண்ற, மத்தது கிரேவ்யார்டையும் சேத்து அள்ளுற.

ட்ரைட்ரோன்காரனுக்கு அந்த ரெண்டாவது வேலை நல்லா வலிக்கும், அந்த டெக்ட குட்டி மொன்ஸ்டர் எல்லாம் கிரேவ்யார்ட்ல இருந்து திரும்பித் திரும்பி எழும்பி வாற சாமான்தானே. பாக்கிறதுக்கு இதுக்கெண்டே செய்த கார்ட் மாதிரித்தான் இரிக்கும். ஆனா அவன் ஹெரால்ட் ஒஃப் அல்டிமேட்னஸ் எண்ட மொன்ஸ்டரை இறக்கி வச்சிட்டான் எண்டா அது மெஷின் இல்ல, ஃபெயரி, உங்கட கார்ட் அதைத் தொடவே தொடாது, அதுக்கும் மேல கையில ஒரு ஃபெயரி இருந்தா அதை எறிஞ்சு உங்கட ஸ்பெல்லையே நெகேட் பண்ணி, செல்லாமப் பண்ணிப்போடுவான். அந்தக் களத்துக்கு எதிராளிட மொன்ஸ்டர் எஃபெக்டை அந்த டர்னுக்கு அடைக்கிற டார்க் ரூலர் நோ மோர் ஸ்பெல்தான் சரி, அதுக்கு மொன்ஸ்டர் எஃபெக்டால மறுமொழி குடுக்க ஏலாது, அந்த டர்ன்ல டமேஜ் போகாதுதான், ஆனா மத்த அஞ்சு பேருக்கும் அதே கார்ட் ஓடும். ஆக ட்ரைட்ரோனுக்காக சிஸ்டம் டவுன் வேணாம்.

மிச்சம் உங்கட மச்சான்தான். இங்கதான் விளையாட்டு இரிக்கு, ஏனெண்டா சைபர் ட்ராகன் ரெண்டாவதா விளையாட விரும்பிற டெக், எதிராளிட களத்தில மொன்ஸ்டர் இருந்து தன்ட களம் வெறுமையா இருந்தாத்தான் சைபர் ட்ராகன் தானா இறங்கும். சிஸ்டம் டவுன் நோர்மல் ஸ்பெல், உங்கட டர்ன்ல மட்டும்தான் போடலாம். அப்ப நீங்க முதலாவதா விளையாடினா தொடக்கக் கையில வந்த சிஸ்டம் டவுன் வெறும் கடதாசி, அள்ளுறதுக்கு அங்க ஒண்டுமில்ல, மறுகா உங்கட அடுத்த டர்ன் வாறதுக்குள்ள அவன் முடிச்சிருவான். முதல் கேம் தோத்தவருக்குத்தான் அடுத்த கேம்ல ஆர் முதல் எண்டு சொல்ற உரிமை. நீங்க தோத்திருந்தா நீங்களே ரெண்டாவதை எடுங்க, அவன்ட டெக்குக்குப் புடிக்காத பக்கத்தில அவனை இருத்தின மாதிரியும் ஆச்சு, உங்கட கார்டுக்கு வேலையும் வரும். வெண்டிருந்தா அவன் ரெண்டாவதைத்தான் கேப்பான், அந்தக் கேமுக்கு சிஸ்டம் டவுனை சைட்டிலயே விட்டுட்டு விளையாடுங்க.

எத்தனை போடுற எண்டா, 40 கார்ட் டெக்ல ரெண்டாவதா விளையாடி ஆறு கார்ட் பாக்கக்குள்ள ஒரு கொப்பி போட்டா அது வாறதுக்கு 15 வீதம், ரெண்டு போட்டா ஒண்டாவது வாறதுக்கு 28, மூண்டு போட்டா 39. மூண்டு போட்டும் பத்தில ஆறு தரம் கையில இல்ல, இதை நம்பி மாஸ்டர் ப்ளான் போடாதீங்க.

சிரிக்கிறானுகள் எண்டு எழுதினீங்களே, அப்ப உங்களிட்ட அது இருக்கெண்டு மச்சானுக்கும் தெரியும். எட்டுப் பேர் இருக்கிற எடத்தில ரகசியம் எண்டு ஒண்டு நிக்காது. ஆனா இது முழுக்க நட்டமில்ல. அவன் சைபர் ட்ராகன் இன்ஃபினிட்டி இறக்கினா ஒரு டர்னுக்கு ஒரு நெகேட்தான் இரிக்கு, சிஸ்டம் டவுனுக்குப் பயந்து அதைப் பொத்தி வச்சிருந்தான் எண்டா மத்த ஸ்பெல் எல்லாம் சும்மா போகும், இல்லாட்டி நல்ல ஸ்பெல் ஒண்டை முன்னுக்கு எறிஞ்சு நெகேட்டைக் கக்க வச்சிட்டு மறுகா சிஸ்டம் டவுன் போடுங்க, களத்தோட கிரேவ்யார்டும் போகும், கிரேவ்யார்ட் மெஷினைப் பேனிஷ் பண்ணி ஃபியூஷன் இறக்கிற ஓவர்லோட் ஃபியூஷன் கார்டுக்குக்கூட அவனுக்கு மிச்சம் இருக்காது.

இன்னொரு வழியும் இரிக்கு, எனக்கு இதுதான் கூடப் புடிக்கும். சைட்ல சைபர் ட்ராகன் ஒண்டோ ரெண்டோ, எக்ஸ்ட்ரா டெக்ல (ஃபியூஷன் மாதிரி மொன்ஸ்டர் வைக்கிற தனிக் கட்டு) கைமெராடெக் ஃபோர்ட்ரஸ் ட்ராகன் ஒண்டு. நீங்க ரெண்டாவதா வந்து உங்கட சைபர் ட்ராகனை இறக்கினா அதையும் அவன்ட களத்து மெஷினையும் சேத்து கிரேவ்யார்டுக்கு அனுப்பி ஃபோர்ட்ரஸை இறக்கலாம். இதில எந்த இடத்திலயும் செயின், அதாவது கார்டுக்குக் கார்ட் மறுமொழி குடுக்கிற வரிசை, தொடங்காது, இன்ஃபினிட்டிக்கு நெகேட் பண்ண ஒண்டுமே கிடைக்காம அதுவும் சேந்து போகும். கிரேவ்யார்டை இது அள்ளாது, எக்ஸ்ட்ரா டெக்ல ஒரு எடமும் போகும், அதுதான் விலை. நானெண்டா இந்த ஃபோர்ட்ரஸோட சிஸ்டம் டவுன் ஒண்டே ஒண்டு வைப்பன். மத்த ரெண்டையும் ஆருக்காவது மாத்திக் குடுங்க, அதுவும் மச்சான் டெக்கை மாத்துறதுக்கு முன்ன.

மாஸ்டர் டூவலுக்கு வேணாம். அதில ஒரே டூவல், சைட் டெக்கே இல்ல, ஆர் வாறான் எண்டு தெரியாம மெயின் டெக்ல போடோணும். ஒரு கார்ட் செய்ய 30 பொயின்ட், உடைச்சா வாற 10, அதே அளவு ரேரிட்டில மூண்டு கார்டை உடைச்சு இதை ஒண்டு செய்யிற அளவுக்கு இது பெறுமதி இல்ல.

அதெல்லாம் இருக்கட்டும், உங்கட டெக் என்னெண்டு கடிதத்தில எழுதவே இல்லையே. ரெண்டாவதா விளையாடினா உங்கட டெக் தாங்குமா எண்டது தெரியாம மேல சொன்னதில பாதிக்கு உறுதி குடுக்க ஏலாது, அதை எழுதி அனுப்புங்க.