மறுதொடக்கத்தில் இடம் மாறும் எஸ்டிபி, எஸ்டிசி பெயர்கள்

லினக்ஸ் கணினியில் இரண்டாவது யூஎஸ்பி வட்டைச் செருகியதிலிருந்து பேக்அப் வட்டு சில நாள் மவுண்ட் ஆவதில்லை, அதாவது பயன்படுத்தும்படி கணினியோடு இணைவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். எந்த வட்டை எங்கே இணைக்க வேண்டும் என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், ‘எஸ்டிபி1’ (எஸ்டிபி வட்டின் முதல் பார்ட்டிஷன், அதாவது பிரிவு) என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் அந்தப் பார்ட்டிஷனின் யூயூஐடியை, அதாவது அதற்கே உரிய அடையாள எண்ணை எழுதுங்கள். சிக்கல் அதோடு தீர்ந்துவிடும்.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், எஸ்டிபி, எஸ்டிசி போன்ற வட்டுப் பெயர்களை எந்தத் துளையில் செருகியிருக்கிறோம் என்று பார்த்துக் கொடுப்பதில்லை, வட்டுகள் கண்ணில் படும் வரிசையிலேயே கொடுக்கிறது. ஆகவே உங்கள் பழைய வட்டு சுழன்று தயாராவதற்கு ஒரு நாள் இரண்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், புதியது முந்திக்கொண்டு ‘எஸ்டிபி’ ஆகிவிடும். யூயூஐடியோ பார்ட்டிஷனில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே பதிந்திருப்பது. அதைப் படித்து நிலையான இணைப்புப் பெயரை உருவாக்குவது, சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் யூடெவ் என்ற நிரலின் வேலை.

இதுதான் காரணமா என்று உறுதிசெய்ய, வட்டுகளின் பெயரையும் யூயூஐடியையும் காட்டும் ‘எல்எஸ்பிளாக்’ கட்டளையை எஃப் தெரிவோடு இயக்கி, வரும் பட்டியலைக் குறித்து வைத்துக்கொண்டு, நாலைந்து முறை மறுதொடக்கம் செய்து, ஒரே யூயூஐடிக்கு வரும் பெயர் மாறுகிறதா என்று ஒப்பிடுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தியதும், அதிலுள்ளவற்றை மவுண்ட் செய்ய ‘மவுண்ட்’ கட்டளையை ஏ தெரிவோடு ஒருமுறை இயக்கிப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். ‘நோஃபெயில்’ என்ற தெரிவையும் கோப்பில் அந்த வட்டுக்கான வரியில் சேர்த்துவிட்டால், வட்டைக் கழற்றிவைத்த நாளிலும் கணினி தடையின்றித் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: ‘டிடி’ என்ற நகலெடுக்கும் கட்டளை கொண்டு ஒரு வட்டை அப்படியே நகலெடுத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே யூயூஐடிதான் இருக்கும், எனவே இரண்டையும் ஒன்றாகச் செருகாதீர்கள்.