நிரலாக்க ஆர்வலர்களின் அரட்டை அறைகளில் புதிதாகச் சேருபவர் எங்கிருந்து தொடங்குவது?

பொழுதுபோக்காக நிரல் எழுதக் கற்று வருவதாகவும், புத்தகங்களும் காணொளிகளும் ஓர் எல்லைக்கு மேல் கைகொடுக்கவில்லை என்றும், அரட்டை அறைகளில் சேரும்படி பலர் சொன்னாலும் எந்த அறையில் எப்படி நுழைவது, நுழைந்தபின் எப்படிப் பேசுவது என்பது புரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கணினித் துறையில் வேலை செய்பவன் அல்லன். வேலை முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் பைத்தானில் சிறு சிறு நிரல்கள் எழுதிப் பழகியவன். எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இத்தகைய அறைகளில் முகம் தெரியாத மனிதர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததுதான். அறைக்குள் நுழையும் வழியை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே இருக்கப் பழகத்தான் எனக்குப் பல மாதங்கள் ஆயின. அதனால் முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இரண்டாவதை விரிவாக எழுதுகிறேன்.

இன்று புழக்கத்தில் உள்ள அரட்டை முறைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று ஐஆர்சி (IRC) என்ற உரை அரட்டை முறை. ஃபின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் என்பவர் 1988 ஆகஸ்டில் இதை உருவாக்கினார். கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் பலவற்றின் அறைகள் இன்றும் இதில்தான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நெடுங்காலம் ஃப்ரீநோட் என்ற வலையமைப்பில் இருந்து, 2021 மே மாதத்தில் அதன் நிர்வாகத்தில் ஏற்பட்ட பிளவுக்குப் பின் லிபெரா சாட் என்ற வேறொரு வலையமைப்புக்கு இடம்பெயர்ந்தன. ஆகவே பழைய வழிகாட்டி எதிலாவது ஃப்ரீநோட் முகவரியைக் கண்டால் அதைப் பின்பற்ற வேண்டாம். 2014இல் வந்த மேட்ரிக்ஸ், 2015இல் வந்த டிஸ்கார்ட், உரையாடல்களைத் தலைப்பு வாரியாகப் பிரித்து வைக்கும் சூலிப் ஆகியவை அடுத்த தலைமுறை. இவற்றில் எது சிறந்தது என்று ஆராய்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை. நீங்கள் கற்கும் மொழியின் அல்லது கருவியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் சமூகம் பற்றிய பக்கத்தைத் திறந்து, அங்கே தரப்பட்டிருக்கும் இணைப்பின் வழியாக மட்டும் செல்லுங்கள். அதே பெயரில் யார் வேண்டுமானாலும் வேறோர் அறை திறக்க முடியும். தொடக்கத்தில் ஓர் அறை போதும், மிஞ்சினால் இரண்டு. பதினைந்து அறைகளில் சேர்ந்துவிட்டு எதையும் படிக்காமல் இருப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டிஸ்கார்டிலும் மேட்ரிக்ஸிலும் கணக்குத் தொடங்குவது மற்ற எந்தச் செயலியையும் போன்றதுதான். ஐஆர்சிக்கு மட்டும் சில வரிகள் சொல்ல வேண்டும். முயன்று பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. லிபெரா சாட் உலாவியிலேயே இயங்கும் ஒரு பக்கத்தை வைத்திருக்கிறது. தொடர்ந்து வருவதாக இருந்தால் வீசாட், இர்சி போன்ற கிளையண்ட் (அரட்டையில் இணைவதற்கான மென்பொருள்) ஒன்றை நிறுவி, 6697 என்ற போர்ட்டில் (சர்வரின் நுழைவாயில் எண்) மறைகுறியாக்கத்துடன் இணையுங்கள். பழைய 6667இல் நீங்கள் எழுதுவது பெரும்பாலும் வெற்று உரையாகவே செல்லும். பிறகு ஒரு புனைபெயரைத் தேர்ந்தெடுத்து, நிக்சர்வ் என்ற சேவையிடம் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் குப்பைச் செய்திகளைத் தடுப்பதற்காகப் பதிவு செய்யாதவர்களை உள்ளே விடாத அறைகள் உண்டு. இங்கே ஒரு கவனம் தேவை. நிக்சர்வுக்கான கட்டளை சாய்கோட்டில் (/) தொடங்கும். அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், பல கிளையண்டுகள் அதைக் கட்டளையாகக் கொள்ளாமல் சாதாரணச் செய்தியாக அறைக்கு அனுப்பிவிடும். எனக்கு அப்படி நேர்ந்தது: கடவுச்சொல் அறையிலுள்ள அனைவர் திரையிலும் போய் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் உடனே, கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையை எனக்குத் தனியாக அனுப்பி, முதலில் அதைச் செய்யுங்கள் என்றார். அந்தக் கட்டளைகளை எப்போதும் சர்வரின் சாளரத்தில் தட்டச்சு செய்யுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாகவும் அது இருக்கட்டும்.

நுழைந்தவுடன் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அறையின் தலைப்பு வரியையும் விதிகளையும் படியுங்கள். தொடக்கநிலைக் கேள்விகளுக்குத் தனிச் சேனல் இருக்கிறதா, வீட்டுப்பாடம் கேட்கலாமா, செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலை ஒட்டலாமா என்பவை அறைக்கு அறை வேறுபடும். இரண்டு மூன்று நாட்கள் வெறுமனே படித்துக்கொண்டிருந்தால், யார் தொடர்ந்து வருபவர்கள், எந்த நேரத்தில் பேச்சு நடக்கிறது, எப்படிக் கேட்கப்பட்ட கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கிறது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். பேசாமல் இருப்பவர்களை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை.

இனி நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். என் முதல் கேள்வி, “யாராவது இருக்கிறீர்களா? பைத்தான் தெரிந்தவர் யாராவது உதவ முடியுமா?” என்பது. நான்கு நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர்ப் பட்டியலில் முந்நூறு பேருக்கு மேல் இருந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. புதியவன் என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று எண்ணி மனம் நொந்து வெளியேறினேன். அந்த அறையின் உரையாடல்கள் பதிவேட்டில் சேமிக்கப்பட்டு வந்ததால், அடுத்த நாள் அதைத் திறந்து பார்த்தேன். நான் போன ஏழாவது நிமிடத்தில் ஒருவர், “இருக்கிறேன், கேள்வியைச் சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர், “அவர் போய்விட்டார்” என்று எழுதியிருந்தார்.

பெயர்ப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் திரை முன் அமர்ந்திருப்பவர்கள் அல்லர் என்பது எனக்கு அப்போது தெரியாது. பலர் கிளையண்டை நாள் முழுவதும் ஓடவிட்டு, தம் வேலைக்கிடையே வந்து எட்டிப் பார்ப்பவர்கள்; சிலருக்கு அது நள்ளிரவு. ஆகவே பதிலுக்கு ஒரு மணி நேரம் ஆவது இயல்பு, சில சிறிய அறைகளில் ஒரு நாளும் ஆகலாம். ஐஆர்சி சர்வர் பொதுவாகப் பழைய செய்திகளைச் சேமித்து வைப்பதில்லை என்பதால், நீங்கள் வெளியேறிய பின் வரும் பதில் உங்களுக்குக் கிட்டாது. இதற்காகவே இசட்என்சி போன்ற பவுன்சர் மென்பொருளை எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் வைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இல்லாதபோது அது உங்கள் பெயரில் அறையில் இருந்து, வந்தவற்றைச் சேர்த்துவைக்கும். மேட்ரிக்ஸ், டிஸ்கார்ட் ஆகியவற்றில் வரலாறு தானாகவே இருக்கும், எனவே தொடக்கத்தில் அவை எளிது. எந்த அறையானாலும் “கேட்கலாமா” என்று அனுமதி கேட்க வேண்டியதில்லை. கேள்வியையே முழுமையாக எழுதிவிட்டால், எப்போது யார் எட்டிப் பார்த்தாலும் அவர்கள் பதில் சொல்லத் தொடங்கலாம்.

முழுமையாக எழுதுவது என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். நண்பர்களின் பெயர்களைத் தமிழில் எழுதிவைத்த ஒரு கோப்பைப் படிக்கும் நிரல் எழுதியிருந்தேன். அது ஓடவில்லை. அறையில், “என் நிரல் கோப்பைப் படிக்க மறுக்கிறது” என்று மட்டும் எழுதினேன். ஒருவர் பிழைச் செய்தியை முழுமையாக ஒட்டும்படி கேட்டார். அதன் கடைசி வரி மட்டும் போதும் என்று நானாக நினைத்து அதை ஒட்டினேன். அவர் மறுபடியும், முதல் வரியிலிருந்து வேண்டும், கூடவே இயங்குதளம், பைத்தான் பதிப்பு, கோப்பைத் திறக்கும் வரி மூன்றும் வேண்டும் என்றார். நான் எல்லாவற்றையும் உரை ஒட்டும் தளம் ஒன்றில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, கோப்பில் ஒரே ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்றார். ‘கமலா’ என்ற பெயரை மட்டும் வைத்தேன். நிரல் ஓடியது, ஆனால் திரையில் வந்தவை புரியாத ஐரோப்பிய எழுத்துகள். ‘கண்ணன்’ என்று மாற்றினேன், நிரல் நின்றது.

அவர் விளக்கிய விதத்தை நான் மறக்கவில்லை. எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியேற்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. புள்ளியும் தனிக் குறியீடுதான், அதன் மூன்றாவது பைட் 8டி (8D, பதினாறடிமான முறையில் எழுதிய எண்). என் விண்டோஸ் கணினியில் பைத்தான் அந்தக் கோப்பை யூடிஎஃப்-8 என்று கொள்ளாமல் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியேற்றமாகக் கொண்டு படித்தது, அந்த அட்டவணையில் 8டி என்ற இடம் காலியாக இருக்கிறது. ‘கமலா’வில் புள்ளி இல்லை, அதனால் குப்பையாகவாவது படிக்க முடிந்தது, ‘கண்ணன்’ என்பதில் புள்ளி வந்ததும் நிரல் நின்றுவிட்டது. கோப்பைத் திறக்கும் வரியில் குறியேற்றத்தின் பெயரைக் குறிப்பிட்டதும் எல்லாப் பெயர்களும் சரியாக வந்தன. தமிழ் எழுதத் தெரியாத ஒருவர், என் மொழியின் புள்ளிக்குள் என்ன இருக்கிறது என்பதை எனக்குக் காட்டினார். அந்த உரையாடல் நாற்பது நிமிடம் நடந்தது. நான் தொடக்கத்திலேயே அவர் கேட்டவற்றையெல்லாம் கொடுத்திருந்தால் பத்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

எனவே கேள்வியில் இருக்க வேண்டியவை இவைதான்: என்ன செய்ய விரும்புகிறீர்கள், எந்த நிரலை ஓட்டினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது. இவற்றில் முதலாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீங்களாக ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, அதில் சிக்கி, சிக்கலைப் பற்றி மட்டும் கேட்டால், அந்த வழியே தேவையற்றது என்று சொல்ல மற்றவர்களுக்கு வாய்ப்பில்லாமல் போகிறது. நிரலைச் சிக்கல் மட்டும் தெரியும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைக்கும்போதே விடை தெரிந்துவிட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு. திரைப்பிடிப்புப் படம் அனுப்பாதீர்கள், அதிலிருந்து யாரும் நிரலை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. டிஸ்கார்டில் நிரலின் மேலும் கீழும் மூன்று மூன்று பின்சாய்ந்த மேற்கோள் குறிகளை (```) இட்டால் உள்தள்ளல் கலையாமல் நிற்கும். ஐஆர்சியில் ஒரு செய்திக்கு 512 பைட் என்பதே எல்லை, அதிலும் முகவரி போன்றவற்றுக்கு ஒரு பங்கு போய்விடும். மூன்று வரிக்கு மேற்பட்டது எதுவானாலும் ஒட்டும் தளத்தில் ஏற்றுங்கள். ஏற்றுமுன் நிரலுக்குள் கடவுச்சொல், ஏபிஐ சாவி (பிற சேவைகளை நிரல் வழியே பயன்படுத்தத் தரப்படும் இரகசியக் குறி) எதுவும் இல்லை என்பதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

அறைகளில் ஆங்கிலமே பெரும்பாலும் பேசப்படுகிறது என்பதால் தயங்குபவர்கள் உண்டு. நானும் தயங்கினேன். அங்கே இருப்பவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். சிறு சிறு வாக்கியங்களாக எழுதினால் போதும், இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. பிழைச் செய்தியை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே ஒட்டுங்கள். ஒருவர் ஒருமுறை உதவினார் என்பதற்காக அடுத்த கேள்வியை அவருக்குத் தனிச்செய்தியாக அனுப்புவது அவருக்குச் சுமை. பொதுவில் கேட்டால் மற்றவர்களும் படிப்பார்கள், தவறான பதிலைத் திருத்தவும் ஆள் இருக்கும். சிலர் சுருக்கமாகப் பேசுவார்கள், அதைக் கடுமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையிலேயே இழிவாகப் பேசுபவர் இருந்தால் வாதாடாமல் அறையின் நிர்வாகியிடம் சொல்லுங்கள். நிர்வாகிகளே அப்படிப்பட்டவர்கள் என்றால் அந்த அறையை விட்டுவிடுங்கள், நல்ல அறைகள் வேறு இருக்கின்றன.

சிக்கல் தீர்ந்ததும், எது தீர்த்தது என்பதை ஒரு வரியில் அறையில் எழுதிவிடுங்கள். உதவியவருக்கு அதுவே நன்றி, பதிவேட்டைத் தேடி வருபவருக்கும் அது பயன்படும். ஓரிரு மாதங்களில் நீங்கள் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்று கட்டாயம் வரும். எனக்கு வந்தது: மலையாளத்தில் எழுதிய கோப்பு விண்டோஸில் திறக்கவில்லை, பைத்தான் கோளாறு என்று ஒருவர் கேட்டிருந்தார். கோப்பைத் திறக்கும் வரியையும் முழுப் பிழைச் செய்தியையும் ஒட்டும்படி கேட்டேன். அவர் ஒட்டியதில் 8டி என்பதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மலையாளத்தின் சந்திரக்கலைக்கும் கடைசி பைட் அதேதான். அதைத் தெளிவாக எழுதி முடிக்க எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. அவர் அறையிலேயே காத்திருந்தார்.