ஓவியரின் பெயர் மாறினால் ஓவியத்தின் மதிப்பும் மாறுமா?

கலை மதிப்பீட்டில் பாலினச் சார்பு என்பது, படைத்தவர் ஆணா பெண்ணா என்பதை வைத்தே படைப்பை எடைபோடுவது.

17ஆம் நூற்றாண்டு டச்சுப் பெண் ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் ஓவியமொன்று, அதே காலத்துப் புகழ்பெற்ற ஆண் ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாக விற்கப்பட்டது. 1893இல் அதில் லெய்ஸ்டரின் நட்சத்திரக் கையொப்பம் வெளிப்பட்டது. மதிப்புக் குறைந்துவிட்டதென விலை பற்றி வழக்கே நடந்தது. தூரிகைக் கோடு ஒன்றுகூட மாறவில்லை! (ஹால்ஸின் புகழுக்கும் இதில் பங்குண்டு.)

காரணம் பழக்கம். பயிற்சிக்கூடங்கள் நெடுங்காலம் பெண்களுக்கு மூடியிருந்ததால், 'மேதை' என்றதும் ஆண் முகமே நினைவில் எழுகிறது. வெள்ளவத்தைக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்தபின் சேலையின் தரம் கூடித் தெரிவதைப் போலத்தான். கொழும்பின் திறந்தவெளி ஓவியச் சந்தையான கலா பொலவில் பூக்களை ஆண் வரைந்தால் 'ஆழம்', பெண் வரைந்தால் 'அழகான கைவேலை' என்று நாமே சொல்லிவிடக்கூடும்.

பெண் வரைந்ததையெல்லாம் புகழவேண்டும் என்பதல்ல இது. மோசமான படத்தை மோசம் என்றே சொல்லலாம், பெயரைப் பார்க்குமுன்.