தரவரிசையும் ஒரு வளைந்த கோடும்

அன்புள்ள ஐயா,

கணிதம் படித்தவள் நான். குவான்ட் ஃபைனான்ஸ் (நிதிச் சந்தைக் கணிதம்) முதுகலைக்கு அமெரிக்காவில் கார்னகி மெலன், பரூக் கல்லூரி இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. தரவரிசைப் பட்டியல்கள் ஆளுக்கொன்று சொல்கின்றன. எதில் சேரட்டும்? நிரல்மொழியில் பைதான் போதுமா, சி பிளஸ் பிளஸ்ஸும் வேண்டுமா? (சுருக்கப்பட்டது)

ர.

அன்புள்ள ர.,

சி பிளஸ் பிளஸ் படியுங்கள், இதிலென்ன யோசனை. கடன் வாங்கிப் படிப்பதென்றால் அரசுக் கல்லூரியான பரூக்கையே சொல்வேன். சரி, அது போகட்டும். உங்கள் முழுக் கடிதத்தில் தரவரிசை நான்கு முறை வருகிறது, பாடத்திட்டம் ஒருமுறைகூட இல்லை. கணிதம் படித்த பெண்ணுக்கு இது அழகா?

எழுத வருவதற்கு முன் ஒரு வங்கியின் இடர் பிரிவில் இருந்தேன். சேர்ந்த வாரமே மேலதிகாரி ஒரு வரைபடத்தை நீட்டினார். ஒரே பங்குக் குறியீடு, ஒரே முடிவுத் தேதி, வெவ்வேறு ஸ்ட்ரைக் விலையில் ஆப்ஷன்கள். (ஆப்ஷன் என்பது முன்பே குறித்த ஸ்ட்ரைக் விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்.) ஒவ்வொன்றின் சந்தை விலையிலிருந்தும் கணக்கிட்ட வாலட்டிலிட்டி, அதாவது குறியீடு எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு, ஒரு கோடாக வரையப்பட்டிருந்தது. "பிளாக்-ஷோல்ஸ்படி வாலட்டிலிட்டி எல்லாத்துக்கும் ஒண்ணாத்தானே இருக்கணும்? ஏன் கோடு வளையுது?" ஆப்ஷனுக்கு விலை கணிக்கும் அந்தச் சூத்திரத்தை மூன்று வழிகளில் நிறுவத் தெரிந்த நான், தரவில் பிழை இருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "1987 அக்டோபர் 19 தெரியுமா?" தெரியாது.

அன்று ஒரே நாளில் அமெரிக்கப் பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் 22.6 சதவீதம் விழுந்தது. 1973இல் வந்த சூத்திரமோ வாலட்டிலிட்டி மாறாது, விலை துள்ளாது என்று வைத்துக்கொள்கிறது. அதன் கணக்கில் அப்படியொரு நாள் வரவே வராது. வந்துவிட்டது. அதன் பிறகு, சந்தை சரிந்தால் காப்பாற்றும் புட் ஆப்ஷன்களுக்கு ஆட்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். விலை கூடினால் அதிலிருந்து கணக்கிடும் வாலட்டிலிட்டியும் கூடும். அமெரிக்கக் குறியீட்டு ஆப்ஷன்களில் அதுவரை ஏறக்குறைய தட்டையாகக் கிடந்த கோடு வளைந்தது அப்படித்தான். நான் பிழை என்றது மனிதர்களின் பயத்தை! இதை ஏன் எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் தீரவில்லை.

அதனால்தான் உங்களிடம் கத்துகிறேன். பரூக்கில் இந்த வளைவையே பாடமாக நடத்தியவர் ஜிம் கேதரல். கார்னகி மெலனின் திட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் ஸ்டீவன் ஷ்ரீவ். அவருடைய பாடநூல் கணித வழியே நிதானமாக ஏறுவது. இப்போது இரண்டு இடத்திலும் யார் நடத்துகிறார்கள்? வாலட்டிலிட்டியும் மாறும் என்று வைத்துக்கொள்ளும் ஹெஸ்டன் மாதிரியைப் பலகையில் எழுதிவிட்டுப் போகிறார்களா, சந்தைத் தரவைக் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்களா? முன்னாள் மாணவர்களைப் பிடித்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், அப்புறம் பேசலாம். கடன் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள், அதை மறைத்துவிட்டீர்கள்.