என் மாத்திரையை அம்மாவுக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 43. மூன்று நாளாகச் சிறுநீர் போகும்போது கடுமையான எரிச்சல், இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டியிருக்கிறது. ஜிபி சர்ஜரிக்கு (குடும்ப டாக்டரின் கிளினிக்) போன் எடுத்தால் "பார்மசிக்குப் போங்கள்" என்றார்கள். பார்மசி கவுன்டரில் நின்ற பெண் ஒரு சாஷே (சின்னப் பொடிப் பொட்டலம்) பெட்டியை விற்றார். ஆன்டிபயாட்டிக் வேண்டுமென்றால் பிரைவேட்டாக 25 பவுண்டு ஆகும் என்றார். டாக்டர் இல்லாமல் பார்மசியில் ஆன்டிபயாட்டிக் தருவார்களா? என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 67 வயது, அவருக்கும் இதே எரிச்சல். எனக்குக் கிடைத்தால் அதையே அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: உங்களுக்குத் தருவார்கள். அம்மாவுக்குத் தர மாட்டார்கள். உங்களுடையதில் பாதியை அவருக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் பார்மசி ஃபர்ஸ்ட் என்ற என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) திட்டம் நடக்கிறது. ஏழு சின்ன நோய்களுக்கு, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் உட்பட, பார்மசிஸ்ட்டே மருந்து தரலாம். பெண்களுக்கு வரும் சாதாரணச் சிறுநீர்த் தொற்று அதில் ஒன்று. வயது 16 முதல் 64 வரை. ஜிபி கடிதம் தேவையில்லை, நேரே உள்ளே போகலாம். மற்ற ஆறும் உங்களுக்கு இப்போது வேண்டாதவை, விடுங்கள்.

நீங்கள் பேசியது பார்மசிஸ்ட்டிடம் அல்ல, கவுன்டரில் நிற்பவரிடம். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "பார்மசி ஃபர்ஸ்ட்டுக்கு வந்திருக்கிறேன், பார்மசிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்" என்று அந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கேளுங்கள். உள்ளே ஒரு சின்ன அறை இருக்கும். அங்கே முக்கியமாக மூன்று விஷயம் கேட்பார்கள்: எரிச்சல் இருக்கிறதா, இரவில் எழுவது புதிதாக வந்ததா, சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா. இதில் இரண்டு இருந்து, வேதனையும் கொஞ்சம் அதிகமாக இருந்தால், பெரும்பாலும் நைட்ரோஃபுரன்டோயின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மூன்று நாளைக்குத் தருவார்கள். கர்ப்பமா என்று கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்; கர்ப்பிணிக்கு இந்தத் திட்டத்தில் தர முடியாது. சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்கவில்லையே என்று சந்தேகமும் வேண்டாம், உங்கள் வயதில் அது தேவையில்லை. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட ஒன்றுமில்லை.

ஆலோசனைக்குக் காசு கிடையாது. மருந்துக்கு வழக்கமான பிரிஸ்கிரிப்ஷன் கட்டணம் 9.90 பவுண்டு, அவ்வளவுதான். பிரைவேட் சேவை சட்டவிரோதம் அல்ல, ஆனால் என்எச்எஸ்ஸில் கிடைக்க வேண்டியதற்கு நீங்கள் ஏன் 25 கொடுக்க வேண்டும்? அங்கே இந்தத் திட்டம் இல்லையென்றால் அடுத்த கடைக்கு நடங்கள். மருந்துப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "இலவசம் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று வழி சொல்லும் அன்பர்களை நம்பாதீர்கள். பிறகு வீட்டுக்குக் கடிதம் வரும், அபராதம் 100 பவுண்டு வரை போகும், கட்ட வேண்டியது நீங்கள்தான்.

இப்போது அந்த சாஷே. பெட்டியைத் திருப்பி சிட்ரேட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் பொடி, கிருமியைக் கொல்லாது. அதைவிட மோசம், நைட்ரோஃபுரன்டோயினோடு சேர்த்துக் குடித்தால் அந்த மருந்தின் வேகத்தையே குறைத்துவிடும். அந்தப் பெட்டி வாங்கியதை பார்மசிஸ்ட்டிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி அம்மா. 64-க்கு மேல் ஏன் கதவை மூடுகிறார்கள் என்று கோபம் வரும். ஆனால் இந்த ஒரு வரம்பு காரணத்தோடுதான் இருக்கிறது. வயதானவர்களின் சிறுநீரில் நோயே இல்லாமல் கிருமி இருப்பது சாதாரணம், அதனால் பட்டைச் சோதனையை நம்ப முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சியாலும் இதே எரிச்சல் வரும். அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலே சிறுநீரகம். நைட்ரோஃபுரன்டோயின் ரத்தத்திலிருந்து சிறுநீருக்குள் இறங்கினால்தான் வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சிறுநீருக்குப் போதுமான அளவு வராது, உடம்பில் தேங்கிப் பக்கவிளைவைத் தரும். அதனால்தான் ரத்தச் சோதனையில் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (eGFR) 45-க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. உங்கள் அம்மாவின் எண் உங்களுக்குத் தெரியுமா? பிரஷர், சர்க்கரை என்று பல வருடம் மாத்திரை எடுப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இன்னொன்று, இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய் அல்ல. "இரண்டு பேருக்கும் ஒரே எரிச்சல், அதனால் ஒரே மருந்து" என்ற கணக்கே தப்பு.

ஊரிலிருந்து வந்த சூட்கேஸில் கிடக்கும் அமாக்ஸிசிலின், போன தடவை மிச்சம் வைத்த நாலு மாத்திரை, வாட்ஸ்அப்பில் "சீட்டு வேண்டாம் அண்ணா, நாளைக்கே அனுப்புகிறேன்" என்று வரும் பொதி, எல்லாம் இதே ரகம். அமாக்ஸிசிலினுக்கு மசியாத சிறுநீர்க் கிருமிகள் ஏராளம். இரண்டு நாள் போட்டால் எரிச்சல் குறைந்தது போல இருக்கும், கிருமி உள்ளேயே இருக்கும். அப்புறம் டாக்டர் சிறுநீரைச் சோதனைக்கு எடுத்தாலும் முடிவு குழம்பிப்போகும். விற்பவனுக்கு அந்தக் கவலை கிடையாது.

அம்மாவுக்காக சர்ஜரிக்குப் போன் எடுத்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: "வயது 67, பார்மசி ஃபர்ஸ்ட் வயது வரம்புக்கு வெளியே. இன்றே பார்க்க வேண்டும்." இதைச் சொல்லாவிட்டால் ரிசப்ஷனில் அவரையும் பார்மசிக்குத் தள்ளுவார்கள், பார்மசி திருப்பி அனுப்பும். காலை 8 மணிக்குப் போன் வரிசையில் தொங்கிய நேரம் வீண். யாருக்குப் பொருந்தும் என்று ஒரு அட்டையை ரிசப்ஷன் மேசையில் ஒட்டிவைக்க எவ்வளவு நேரமாகும்? பார்மசிக்காரர் நிலைமையும் அப்படித்தான். ஒரு ஆலோசனைக்கு என்எச்எஸ் 17 பவுண்டு தருகிறது. ஆனால் நேரே வந்தவர் நிபந்தனைக்குள் அடங்கவில்லை என்றால் பத்து நிமிடம் பேசினாலும் ஒன்றும் வராது. கூட்டமான கடையில் சாஷேயைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஜிபிக்குப் பாரம் குறைந்தது என்று மேலே கணக்குக் காட்டுகிறார்கள், பாரம் எங்கே போனது என்று கேட்க ஆளில்லை.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் அம்மாவின் சிறுநீர் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். ரிசப்ஷனில் குப்பி கேட்டு வாங்கி, முதலில் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இருவரில் யாருக்காவது காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, வாந்தி வந்தால் பார்மசியை மறந்துவிடுங்கள். அன்றே டாக்டர், சர்ஜரி மூடியிருந்தால் என்எச்எஸ் உதவி எண் 111. அம்மா திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ 999-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். மூன்று நாள் மருந்து முடிந்தும் உங்களுக்குக் குறையவில்லை, அல்லது ஆறு மாதத்தில் இது இரண்டாவது தடவை என்றால், நீங்களும் ஜிபியிடம்தான் போக வேண்டும்.

சாஷேக்குக் கொடுத்த காசு திரும்புமா என்று கேட்பீர்கள். கடையை விட்டு வெளியே போன மருந்தை மறுபடி விற்க மாட்டார்கள், அதனால் பெரும்பாலும் திரும்பாது.